மூன்றெழுத்து முதலாளி

மனித குலம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை ஆதரிக்கப்பட்ட உயிர்களையெல்லாம் வரிசையாக நிறுத்தினால், முதலிடம் பருத்தி விவசாயிக்குத்தான் கிடைக்கும். கைக்குழந்தைக்குக்கூடத் தாய் ஒருத்தியின் ஆதரவுதான். பருத்தி விவசாயிக்கோ ஒரு துறை, மூன்று துணைத் துறைகள், பதினொரு குழுக்கள், அந்தப் பதினொன்றையும் மேற்பார்வையிடப் பன்னிரண்டாவதாக ஒரு குழு. இத்தனை பேர் தாங்கிப் பிடித்தும் ஒருவன் கீழே விழுகிறான் என்றால், விழுவதில் அவனுக்கு ஏதோ தனிப்பட்ட ஆர்வம் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்தக் கதையில் ஆதரவு பெறுகிறவரை ஊரில் 'வெள்ளைத்தலையர்' என்பார்கள். வயது நாற்பத்தாறு. நரை விழுந்ததால் வந்த பெயர் அல்ல. பறிப்புக் காலம் வந்துவிட்டால் தலை, புருவம், காது மடல் என்று எங்கும் பருத்தி இழை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோலத்திலேயே கடைக்குப் போவார், முடிவெட்டிக்கொள்ளவும் போவார். முடிவெட்டுகிறவர் முதலில் ஒரு பறிப்பு முடித்துவிட்டுத்தான் கத்தரியைக் கையில் எடுப்பார்.

விதைப்புக்கு முன்பே 'முழு ஆதரவுத் திட்டம்' வந்துவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாக வந்து, எவ்வளவு பருத்தி விளைந்தாலும் அத்தனையும் ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்யப்படும் என்று அறிவித்தது. வழக்கமாகப் பாதி நிலத்தில் சோளம் போடுகிற வெள்ளைத்தலையர் இந்த முறை வரப்பு வரைக்கும் பருத்தி போட்டார். ஊரே போட்டது. மற்ற வருடங்களில் காலை வாரிவிடுகிற பருத்தியும், அரசாங்கத்தின் வாக்கை மதித்து வெடித்துத் தள்ளியது.

மற்ற வருடங்களில் பறிப்பு முடிந்த மறுவாரமே வியாபாரிகள் வாசலில் வந்து நிற்பார்கள். இந்த வருடம் ஒருவரையும் காணோம். ஆதரவு விலைக்கு மேலே கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. கீழே கேட்க இன்னும் நேரம் வரவில்லை. ஆகவே பருத்தி வீட்டுக்குள் வந்தது. வீடு இரண்டே அறை. முன்னறையில் தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் பருத்தி. பின்னறையில் பாதிக்கு மேல் பருத்தி. அடுப்பை வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். கட்டிலைக் குவியலின் மேலே ஏற்றிப் போட்டுவிட்டு, படுக்கப் போகும்போது ஏணி வைத்து ஏறினார்கள். வீட்டுக்காரர் யார் என்று கேட்டால் பருத்தியைத்தான் கைகாட்ட வேண்டும், இவர்கள் குடியிருப்பவர்கள்.

மூன்றாவது வாரம் அவர் மனைவிக்கு இளைப்பு வந்தது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு மூச்சு இல்லை. டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்ல என்ன வச்சிருக்கீங்க?"

"பஞ்சு" என்றார் வெள்ளைத்தலையர்.

"எவ்வளவு?"

"வீடு அளவு."

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். "ரெண்டுல ஒண்ணு வெளிய போகணும். அதுவோ, இவங்களோ. பத்து நாளைக்கு மேல இவங்க நெஞ்சு தாங்காது."

"என்னையே வெளிய போட்டுடுங்க" என்றாள் மனைவி. மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னாள். "மழை வர்ற மாதிரி இருக்கு. நான் நனைஞ்சா காஞ்சிடுவேன். அது நனைஞ்சா வாங்க மாட்டாங்க."

வெள்ளைத்தலையருக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கூடவே குனிந்து பறித்தவள். பத்து நாளைக்குள் பருத்தியை விற்றுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார். அரசாங்கம் வாங்கத் தயாராக இருக்கும்போது விற்பதற்கு என்ன கஷ்டம்?

கொள்முதல் நிலையத்தின் சுற்றுச்சுவரில் 'உங்கள் பாரம் எங்கள் தோளில்' என்று ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள். அதன் கீழே விவசாயிகள் தலையில் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். உட்கார இடமில்லை. கால் கடுத்தவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். திட்டம் தொடங்கியதிலிருந்து விவசாயிகளுக்கு இடைவிடாமல் நேரடி ஆதரவு வழங்கிய ஒரே அமைப்பு அந்தச் சுவர்தான்.

இரண்டு நாள் நின்றபின் மூன்றாம் நாள் காலையில் வெள்ளைத்தலையர் கையில் பதிவுப் படிவம் வந்தது. ஏழாவது கட்டத்தில் 'கைவசமுள்ள சரக்கு' என்று இருந்தது. அவர் 'பஞ்சு' என்று எழுதினார்.

அவர் வீட்டில் அதைப் பஞ்சு என்றுதான் சொல்வார்கள். பஞ்சு எடுக்கப் போகணும், பஞ்சு மூட்டையை நகர்த்து, பஞ்சு மூக்குல ஏறுது என்று எல்லாமே பஞ்சுதான். பருத்தி என்பது வானொலியில் சொல்கிற சொல். கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது என்ற திருப்தியோடு படிவத்தை எழுத்தரிடம் நீட்டினார்.

எழுத்தர் நல்ல மனிதர். காதில் செருகிய பேனாவோடு கணினியில் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டு வந்தார். ஏழாவது கட்டத்தில் கை நின்றது.

"ஆலை வச்சிருக்கீங்களா?"

"இல்லியே சார்."

"பஞ்சு இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"இருக்கு சார். வீடு பூரா இருக்கு."

"செடியில வெடிச்சு, கொட்டையோட வர்றது பருத்தி. அதை ஆலையில போட்டுக் கொட்டையை எடுத்தப்புறம் வர்றதுதான் பஞ்சு. எந்தச் செடியிலயும் பஞ்சு வெடிக்காது. உங்ககிட்ட பஞ்சு இருந்தா உங்ககிட்ட ஆலை இருக்கு."

"சார், அது நாங்க வாய்ப்பேச்சுல சொல்றது."

"வாய்ப்பேச்சுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே."

"கொட்டையோடதான் சார் இருக்கு. மூட்டையிலேர்ந்து ஒரு பிடி எடுத்துக் காட்டறேன்."

எழுத்தர் கணினியைத் திருப்பிக் காட்டினார். தொழில் என்ற இடத்தில் 'விவசாயி' தானாகவே அழிந்து, 'ஆலை உரிமையாளர்' என்று மாறியிருந்தது. எழுத்தர் உடனே எழுந்து நின்றார்.

"முதலாளி, நீங்க இந்த வரிசையில நிக்கக் கூடாது. வெயில்ல உடம்பு என்னத்துக்கு ஆகும்? உள்ள வாங்க."

இப்படியாக வெள்ளைத்தலையர் ஒரே சொல்லில் முதலாளி ஆனார். பரம்பரை பரம்பரையாகப் பாடுபட்டும் கிடைக்காத உயர்வு, மூன்றெழுத்தில் கிடைத்தது.

நிலைய அதிகாரியின் அறையில் குளிர்சாதனம் ஓடியது. குஷன் நாற்காலி போட்டார்கள். தேநீர் வந்தது, கோப்பைக்கு அடியில் தட்டு வைத்து. இரண்டு நாள் வெயிலில் நின்ற காலுக்கு அந்தச் சுகம் பிடித்துத்தான் இருந்தது. அப்படிப் பிடித்திருந்ததை நினைத்து அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

"சொல்லுங்க முதலாளி, எத்தனை லோடு வேணும்?" என்றார் அதிகாரி.

"நான் விக்க வந்தேன் சார்."

"ஆலைக்காரங்க எங்ககிட்ட வாங்கலாம். விக்க முடியாது. ஆனா வாங்கறதுல உங்களுக்குச் சலுகை உண்டு, கடன் உண்டு, வண்டி வாடகை நாங்களே ஏத்துக்கறோம்."

"வீட்ல நிக்கவே இடமில்லை சார்."

"கிடங்கு கட்டறதுக்குத் தனித் திட்டம் இருக்கு."

"என் சம்சாரத்துக்கு மூச்சு முட்டுது சார். இன்னும் ஏழு நாள்தான் டைம். இதை வாங்கிக்கிட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதிகாரி இரக்கமில்லாதவர் அல்ல. அவர் முகம் வாடியது. மறுநாளே ஓர் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். 'பருத்தி எது, பஞ்சு எது' என்ற பொருளில் ஒன்பது பேர் மூன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். ஒருவர் அகராதியைக் கொண்டுவந்தார். இன்னொருவர் அகராதிக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்றார். மூன்றாமவர் தூங்கினார், அவர் எழுந்தபோது அவர் கருத்தும் பதிவு செய்யப்பட்டது. இறுதியில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: 'பருத்தியும் பஞ்சும் வேறு வேறு. மனுதாரர் இவ்விரண்டில் எது என்பது நேரடி ஆய்வின் மூலம் கண்டறியப்படும்.'

ஆறாம் நாள் இரண்டு ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. உயரமானவர் பார்ப்பார், குட்டையானவர் எழுதுவார். முதலில் நிலத்துக்குப் போனார்கள். பறிப்பு முடிந்து மொட்டைக் குச்சிகளாக நின்றது நிலம்.

"பருத்தி எங்க?" என்றார் உயரமானவர்.

"பறிச்சாச்சு சார். வீட்ல இருக்கு."

"அதாவது நிலத்துல பருத்தி இல்லை."

"நிலத்துல எப்படி சார் இருக்கும்? இருந்தா நான் ஏன் விக்க வர்றேன்?"

'நிலத்தில் பருத்தி காணப்படவில்லை' என்று குட்டையானவர் எழுதிக்கொண்டார்.

பிறகு வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்ததும் உத்தரம் வரைக்கும் வெள்ளையாக நின்றது. குவியலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடத்தில் அவர் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்க வந்திருந்த தம்பி, ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவன், வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"இதான் சார். கொட்டையோட இருக்கா, இல்லையா, நீங்களே பாருங்க" என்று வெள்ளைத்தலையர் ஒரு பிடி அள்ளி நீட்டினார்.

உயரமானவர் கையை நீட்டவில்லை. "கொட்டையைப் பாக்கறது எங்க வேலை இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்பினா ரெண்டு மாசத்துல ரிப்போர்ட் வரும். நாங்க இடத்தைத்தான் பாக்கணும். இங்க செடி இல்லை. சரக்கு இருக்கு. அப்ப இது ஆலை வளாகம்."

அப்போது மனைவிக்கு இருமல் வந்தது. இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டு ஆய்வாளர்களும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"இவங்க யாரு?"

தம்பிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "இவங்களா? இங்க வேலை பாக்கறாங்க சார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்."

"சம்பளம்?"

"சோறு மட்டும்தான். லீவு கிடையாது."

"மாப்ள, சும்மா இருடா" என்றார் வெள்ளைத்தலையர். அதற்குள் குட்டையானவர் எழுதி முடித்து அடிக்கோடும் போட்டுவிட்டார். அரசாங்கத்தின் காதில் கிண்டல் விழுவதில்லை. விழுந்தாலும் வாக்குமூலமாகத்தான் விழுகிறது.

மறுநாள் காலையிலேயே நோட்டீஸ் வந்தது. கொள்முதலுக்கு இல்லாத வேகம் நோட்டீஸுக்கு இருந்தது. 'தங்கள் ஆலையில் பஞ்சுத் தூசியால் பாதிக்கப்பட்ட பெண் தொழிலாளி ஒருவர், முகக்கவசமோ ஊதியமோ இன்றிப் பணியில் அமர்த்தப்பட்டுள்ளார். மேற்படித் தொழிலாளியை ஆலை வளாகத்தில் தங்கவைப்பது குற்றம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அவரை வெளியேற்றாவிடில் உரிமையாளர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

மனைவி அதை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"எனக்கு மூச்சு முட்டறது அரசாங்கத்துல யாரோ ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றாள். "ரெண்டு வரி எழுதியிருக்காங்க."

"நான் கட்டிக்கிட்டவளை எனக்கே தொழிலாளின்னு எழுதிட்டாங்களே."

"அதுல என்ன தப்பு இருக்கு? சம்பளம் வரலைன்னுதானே எழுதியிருக்காங்க." சிரிக்கப் போனவளை இருமல் மறித்துக்கொண்டது.

அன்று மாலை தம்பி டிராக்டரில் பாய் விரித்து அக்காளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். டாக்டர் சொன்னதையே அரசாங்கமும் சொல்லிவிட்டதால் மறுக்க வழியில்லை. அவர்கள் தெருமுனை திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைத்தலையர் வீட்டிலிருந்த பாத்திரங்களையெல்லாம் ஒழுகுகிற இடங்களில் வைத்துக்கொண்டு, பாத்திரம் தீர்ந்ததும் தன் முதுகைக் கொடுத்தார். அப்படியும் ஒரு மூலை நனைந்து மஞ்சளாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் தம்பி வந்தான். வழக்கமாக வாசலிலிருந்தே கேலி பேசிக்கொண்டு வருகிறவன், அன்று நேராக உள்ளே வந்து நின்றான்.

"மச்சான், அக்காவுக்கு அங்க வந்தும் இளைப்பு நிக்கலை. ஆஸ்பத்திரியில சேத்துட்டேன். மூக்குல குழாய் வச்சிருக்காங்க. கையில எவ்வளவு இருக்கு?"

கையில் ஒன்றுமில்லை. உத்தரம் வரைக்கும் இருந்தது பருத்தி மட்டும்தான். வெள்ளைத்தலையர் வியாபாரிக்குப் போன் செய்தார்.

வியாபாரிக்கு நேரம் வந்துவிட்டது. அரை மணியில் லாரியோடு வந்து நின்றார். மஞ்சளான மூலையைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆதரவு விலையில் பாதிக்கும் கீழே ஒரு தொகை சொன்னார். வெள்ளைத்தலையர் பேரம் பேசவில்லை. அந்த நேரத்தில் அவருக்குக் காதில் கேட்டதெல்லாம் மனைவியின் மூச்சுதான். நாலு மாத உழைப்பு ஒன்றேகால் மணி நேரத்தில் லாரி ஏறியது.

அதே லாரி நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போனதும், அங்கே எடை போட்டு முழு ஆதரவு விலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதும் மறுநாள்தான் தெரிந்தது. மஞ்சளான மூலையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்களாம். ஆஸ்பத்திரிப் பக்கம் வந்த வியாபாரியை வழிமறித்து வெள்ளைத்தலையர் கேட்டார்.

"ஒரு சென்ட் நிலம் உங்களுக்கு இல்லை. உங்க சரக்கை எப்படிண்ணே எடுத்தாங்க?"

"நான் விவசாயியாத்தானே பதிஞ்சிருக்கேன்" என்றார் வியாபாரி. ஏளனமாகக்கூடச் சொல்லவில்லை, அறிவுரை போலத்தான் சொன்னார். "ஏழாவது கட்டத்துல பருத்தின்னு எழுதணும் தம்பி. நீங்க படிக்காம எழுதிட்டு அப்புறம் அரசாங்கத்தைக் குறை சொல்றீங்க."

அன்று வெள்ளைத்தலையர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். இருபத்திரண்டு வருடத்தில் பூச்சி தின்றபோதும் அழாதவர். பருத்தி போனதற்கா, அது போனதும் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்ததே அதற்கா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திட்டத்தின் பருவ இறுதி அறிக்கை வந்தது. நாளிதழ்களில் முழுப் பக்கம் போட்டார்கள். 'பதிவு செய்த விவசாயிகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே பருவத்தில் ஆலை உரிமையாளர்களாக உயர்ந்துள்ளனர். ஆதரவு தேவைப்படும் விவசாயிகளின் எண்ணிக்கை வரலாறு காணாத அளவுக்குக் குறைந்துள்ளது.' நிலையத்தில் கேக் வெட்டினார்கள். அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் அதைப் பஞ்சு என்றுதான் சொல்வார்கள் என்ற செய்தி அறிக்கையில் இல்லை. அதற்குக் கட்டம் இல்லை.

மனைவி பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். கையில் மருந்து இழுக்கிற குழாய். காலி முன்னறையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய வீட்லயா இருந்தோம்?" என்றாள். குழாயில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "அடுத்த பருவத்துக்குப் பதிவு ஆரம்பிச்சிட்டாங்களாம். அந்த ஆலையை முதல்ல மூடிட்டு வாங்க. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது" என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கும் புரிந்தது. பதிவில் முதலாளியாகவே இருந்தால் அடுத்த பருத்தியும் வீட்டுக்குள்தான் வரும். மறுநாள் காலை முதல் ஆளாக நிலையத்துக்குப் போனார்.

எழுத்தர் அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். "வாங்க முதலாளி. வீட்ல தொழிலாளிக்கு உடம்பு தேவலையா?"

"தேவலை சார். அந்த ஏழாவது கட்டத்தைத் திருத்தணும். பஞ்சுன்னு இருக்கறதைப் பருத்தின்னு மாத்தணும்."

"திருத்தலாமே. எழுத்துப் பிழைத் திருத்தம்னு புதுசா வசதி வந்திருக்கு" என்று எழுத்தர் உற்சாகமாகக் கணினியைத் திறந்தார். திறந்தவர் கன்னத்தைச் சொறிந்தார். "ஆனா ஒரு எழுத்துதான் மாத்த முடியும்."

"ஏன் சார்?"

"எழுத்துப் பிழைன்னா ஒரு எழுத்து முதலாளி. ஒரு எழுத்தை மாத்தினா திருத்தம். ரெண்டு எழுத்தை மாத்தினா மோசடி. பஞ்சு மூணு எழுத்து, பருத்தி நாலு எழுத்து. 'ப' மட்டும்தான் ஒத்து வருது. மத்ததையெல்லாம் மாத்தினா என் வேலை போயிடும்."

"மேல எழுதிக் கேக்கலாமா?"

"கேக்கலாம். குழு கூடணும். அடுத்த பருவம் முடிஞ்சதும் கூடும்."

வெள்ளைத்தலையர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வெளியே புதுப் பதிவுக்கான வரிசை சுவரோரமாக நீண்டுகொண்டிருந்தது.

"அந்த ஒரு எழுத்து எதுன்னு நான் சொல்லலாமா?"

"உங்க உரிமை முதலாளி."

"கடைசி எழுத்து. 'சு'வை எடுத்துட்டு 'சை' போடுங்க."

எழுத்தர் தட்டினார். தட்டியதை வாய்விட்டுப் படித்தார். "பஞ்சை." மறுபடியும் படித்தார். "பஞ்சை பராரின்னு சொல்வாங்களே, அந்தப் பஞ்சையா?"

"அதேதான் சார்."

எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னோம். குரலைத் தாழ்த்தி, "இதுக்கு ஒரு கட்டம் கூடுதலா வருது. 'மேற்படி நிலையை அடைந்தது எவ்வாறு'ன்னு கேக்குது. என்ன போடட்டும்?" என்றார்.

"'முழு ஆதரவுத் திட்டத்தின் மூலம்'னு போடுங்க."

எழுத்தர் போட்டார். கணினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தொழில் என்ற இடத்தில் 'ஆலை உரிமையாளர்' தானாகவே அழிந்தது. பதிவு ஏற்கப்பட்டது, தகவல் சரியாக இருப்பதால் நேரடி ஆய்வு தேவையில்லை என்று திரையில் வந்தது.